எல்லா வேலைக்கும் ஒரு கத்தி

— மறுபடியும் மாத்தணுமா? தோ பாரு ஜாய், இது இரும்பு. சப்பாத்தி மாவு இல்ல, பிசைஞ்சு பிசைஞ்சு வேற வேற உருவம் பண்றதுக்கு.

— மாத்த சொல்லல மித்ரா. முனை மட்டும் கொஞ்சம்... நீ என்ன நினைக்கிற?

— நான் நினைக்கறது கிடக்கட்டும். கத்தி உனுக்கு. முதல் ஞாயித்துக்கிழமை வந்தப்ப மீன் அறுக்கணும், முனை மெலிசா வேணும்ன. அடுத்த வாரம் விறகு பிளக்கணும், முதுகு தடிமனா வேணும்ன. அப்புறம் கயிறு அறுக்கணும், டின் திறக்கணும். போன வாரம் ரொட்டில வெண்ணெய் தடவ வருமான்னு கேக்கற. காட்டுல எவன்டா வெண்ணெய் தடவறான்?

— எல்லா வேலைக்கும் ஒரே கத்தின்னா எல்லாத்தையும் யோசிக்கணும்ல?

— எல்லா வேலைக்கும்னாலும் முதல்ல எந்த வேலைக்குன்னு ஒண்ணு இருக்கணும். அத நீ சொல்லிட்டா மீதிய நான் பாத்துக்குவேன். உன் ஆபீஸ்ல நீ பண்றது இதானே? எலெக்ட்ரானிக் சிட்டில ஏசில உக்காந்துகினு, உங்களுக்கு இன்னா வேணும், உங்களுக்கு இன்னா வேணும்னு அமெரிக்காக்காரன்கிட்டல்லாம் கேட்டு கேட்டு எழுதற. உனுக்கு இன்னா வேணும்னு கேட்டா மட்டும் வாய்ல பூட்டு.

— அது வேலை மா. இது வேற.

— இன்னா வேற?

— சரி விடு. முனை இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும். உன் இஷ்...

— சொல்லு. ஏன் நிறுத்திட்ட? முழுசா சொல்லு.

— ஒண்ணும் இல்ல.

— "உன் இஷ்டம்." அதானே? இந்த ஷெட்டுக்குள்ள அந்த வார்த்தை வரக்கூடாதுன்னு முதல் நாளே சொன்னேனா இல்லியா?

— சொன்ன. அதான் பாதில முழுங்கிட்டேன்.

— முழுங்கறதுல உன்ன அடிச்சுக்க ஆள் இல்ல. இந்தா, ப்ளேட பிடிச்சுப் பாரு. கனம் சரியா இருக்கா சொல்லு.

— கீழ வை. எடுத்துக்கறேன்.

— இன்னும் இத விடலியா நீ?

— எங்க வீட்ல அப்படித்தான். கத்திய கைல இருந்து கைக்கு குடுக்கக் கூடாது, சண்டை வரும்னு அம்மா சொல்லுவாங்க. பழகிடுச்சு.

— கத்தி செய்யறவள கட்டிக்கினு, இத்தனை வருசமா ஒரு கத்திய அவ கையில இருந்து வாங்கினது இல்ல. தோ, மேசை மேல வெச்சிட்டேன். எடுத்துக்கோங்க சார்.

— கனம் ஓகே. பரவால்ல.

— ஓகேவா, பரவால்லியா?

— ரெண்டும்தான்.

— உன்கிட்ட ஒரு பதில் வாங்கறதுக்கு இந்த பீன்யால இன்னொரு ஃபேக்டரியே நடத்திடலாம். சரி, குடு. இன்னைக்கு முடிச்சே ஆவணும். சாயங்காலம் ஷெட்டு ஓனர் கோவிந்தப்பா சாவி வாங்க வருவாரு. நாளைக்கு மிஷினெல்லாம் லாரில ஏறுது. புதன்கிழமை நான் புனேல இருக்கணும்.

— மத்ததெல்லாம் சாக்குல கட்டியாச்சு. சாணை பிடிக்கற கிரைண்டர் மட்டும் ஏன் இன்னும் அப்படியே நிக்குது?

— உன் கத்திக்குத்தான். கடைசி ஆர்டர்.

— புனே வேலை... நல்ல வேலைதானே?

— ரொம்ப நல்ல வேலை. டிசைன் முழுக்க என் கையில. தோட்டத்துக்கு, காட்டுக்கு, மீன்பிடி படகுக்குன்னு நான் வரைஞ்ச கத்திங்க ஊர் ஊரா போகும். இங்க மாதிரி ஒத்தையா நின்னு தேச்சுகினு, தூசிய தின்னுகினு இருக்க வேணாம். போகட்டுமா?

— என்ன?

— கேக்கறேன் ஜாய். நான் போகட்டுமான்னு.

— நல்ல வேலைன்னா... அது நீதான் மித்ரா... மழை வர்ற மாதிரி இருக்கில்ல?

— மழை. ஆமா. மழை வருது. அந்தக் கண்ணாடிய எடுத்து மாட்டிக்கோ, பொறி பறக்கும்.

— இதுல ஒண்ணுமே தெரியலையே, இவ்ளோ கீறலா இருக்கு.

— தெரியாட்டி தேவலை. மூஞ்சத் திருப்பிக்கோ.

— முடிஞ்சுதா?

— ஒரு பக்கம் முடிஞ்சுது. சூடு ஏறிடும், விட்டு விட்டுத்தான் தேய்க்கணும். சாப்பிட்டியா நீ?

— சாப்பிட்டேன். காலைல இட்லி வாங்கினேன்.

— வீட்ல சமைக்கறதே இல்லியா?

— சமைப்பேன். பால் மட்டும் நிறைய மீந்துடுது. பால்காரர் இன்னும் நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் பாக்கெட் போடறாரு.

— நான் வீட்ட விட்டு வந்து ஒரு வருசம் ஆவப்போவுது. ஒரு பாக்கெட் போதும்னு சொல்றதுக்கு இன்னா?

— சொன்னா ஏன்னு கேப்பாரு.

— பொண்டாட்டி போயிட்டான்னு சொல்லு.

— அதான் சொல்லல.

— மீந்த பால இன்னா பண்ற?

— பாயசம் வைக்கறேன். பக்கத்து வீட்டு பெட்டி ஆன்ட்டி சாப்பிட்டு சாப்பிட்டு சுகர் ஏறிடுச்சுன்னு திட்டறாங்க.

— சிரிக்க வெக்காத. கை நடுங்கினா ப்ளேடு கோணிக்கும். தனியா உக்காந்து சாப்பிடறியா, இல்ல இன்னும் அடுப்பாங்கரைலயே நின்னுகினுதானா? போன தடவ பெட்டி ஆன்ட்டி சொன்னாங்க, நின்னுகினே சாப்பிடறான்னு.

— அது முன்னாடி. ஏலக்கடைல ஜோடியா எடுத்தோமே, அந்த சேர்ல நான் உக்காந்தா எதிர்ல உன் சேர் காலியா தெரியும். சோறு இறங்காது. அதான் நின்னுட்டு. இப்ப பரவால்ல. உக்காந்துதான் சாப்பிடறேன்.

— இப்ப எப்படி இறங்குது?

— பழகிடுச்சு.

— ம். பழகிடுச்சு. கண்ணாடி மாட்டு, அடுத்த பக்கம்.

— இந்த வாசனை எனக்குப் பிடிக்கும்.

— எது, இரும்பு எரியற வாசனையா? நீ சொல்லவே இல்லியே ஒரு நாளும். நான் வீட்டுக்கு வந்ததும் ஓடிப் போய் குளிப்பேன், உனுக்கு ஆகாதுன்னு.

— பிடிக்கும்.

— இத இப்ப சொல்றான் பாரு, ஷெட்ட காலி பண்ற அன்னிக்கு. சரி, இந்தக் கத்திய எடுத்துகினு எந்தக் காட்டுக்குப் போவப் போற?

— ஆபீஸ்ல ஒரு குரூப் இருக்கு. டிரேவர்னு என் மேனேஜர், அவர்தான் கூட்டிட்டு போவாரு. சக்லேஷ்பூர் பக்கம்.

— அங்க அட்டை இருக்கும்.

— இருக்கும்.

— கெம்மண்ணுகுண்டி மலைல ஜீப்ப விட்டு நீ இறங்கவே இல்ல. நான் மட்டும் மேல ஏறினேன். கல்யாணம் ஆன புதுசு. உச்சில நின்னா மேகம் கால்ல வந்து உரசுது, பக்கத்துல ஆள் இல்ல. நீயும் வாடான்னு எவ்ளோ கூப்பிட்டேன். இன்னா சொன்ன நீ?

— நீ போயிட்டு வா, உன் இஷ்டம்னு.

— ஆங். அட்டைக்கு பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா, உன் கால்ல உப்பத் தடவி தோள்ல தூக்கிகினு போயிருப்பேன். ஒரு வார்த்தை. பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை.

— மேல இருந்து நீ கை ஆட்டினது தெரிஞ்சுது. நானும் ஆட்டினேன்.

— ஜீப்புக்குள்ள இருந்தா?

— கண்ணாடிய இறக்கிட்டுதான்.

— போடா.

— மேடம், எல்லாம் ஆய்த்தா, முடிஞ்சுதா? சாவிக்கு வந்தேன்.

— இன்னும் ஸ்வல்ப நேரம் கோவிந்தப்பா. ஒரே ஒரு கத்தி பாக்கி. உள்ள வாங்க, நனையாதீங்க.

— பரவாயில்ல மேடம், தூறல்தானே. ஓ, இவரு அந்த ஞாயித்துக்கிழமை கஸ்டமர் அல்லவா? ஏன் சார், எவ்ளோ நாளா ஒரே கத்திக்கு வர்றீங்க! நானே இந்த ஷெட்ட இதைவிட சீக்கிரம் கட்டி முடிச்சேன்.

— நான் கஸ்டமர் இல்லைங்க.

— மத்தே, அப்போ யாரு?

— நான் இவங்க வீட்டுக்காரர்.

— என்ன சார் இப்படி சொல்றீங்க? ஷெட்டுக்கு ஓனர் நான். மேடம் வாடகைக்கு இருக்கற வீட்டுக்கு ஓனர் என் தம்பி. நீங்க எந்த வீட்டுக்கு ஓனர்?

— எந்த வீட்டுக்கும் இல்லைங்க. வீட்டுக்காரர்னா...

— கோவிந்தப்பா, அவரு அத சொல்லல. மனெயவரு, என் புருசன்.

— அய்யோ, யஜமான்ரா! தப்பா எடுத்துக்காதீங்க சார். மேடம்தான் கஸ்டமர்னு சொன்னாங்க.

— ஆமா. நான்தான் சொன்னேன்.

— அப்போ புனேக்கு நீங்களும் கூட போறீங்களா சார்?

— அவரு வரல கோவிந்தப்பா.

— ஓ. சரி சரி. நான் எதிர்ல ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். நிதானமா ஆகட்டும் மேடம், அவசரம் இல்ல. சாவி எங்க ஓடிடப் போகுது.

— நல்ல மனுசன். டீயே குடிக்க மாட்டாரு அவரு, சுகர்.

— மித்ரா.

— வீட்டுக்காரர்ன.

— ஆமா.

— ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போடறப்ப கூட உன் வாய்ல இருந்து ஒரு சத்தம் வரல. இன்னைக்கு பீன்யால, ஷெட்டு ஓனர் முன்னாடி சொல்ற.

— கஸ்டமர்னு அவர் சொன்னது என்னவோ பண்ணிடுச்சு.

— இன்னா பண்ணிச்சு? வாயத் தொறந்து சொல்லு, இன்னா பண்ணிச்சு?

— வலிச்சுது.

— அப்பாடா. நான் பொட்டிய எடுத்துகினு படி இறங்கினேனே, அன்னிக்கு வலிக்கலியா?

— வலிச்சுது.

— அப்ப ஏன்டா "உன் இஷ்டம்"ன? நான் படியில நின்னேன் ஜாய். கீழ் படியில, செருப்பு வார மாட்டற மாதிரி குனிஞ்சுகினு ரொம்ப நேரம் நின்னேன். அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது.

— எனக்குத் தெரியும். மாடில இருந்து பாத்தேன்.

— பாத்தியா?

— கூப்பிட்டா நீ திரும்பிடுவன்னு தெரிஞ்சுது. அதனாலதான் கூப்பிடல. எங்கப்பாவ நீ பாத்ததில்ல. அவர் வேணாம்னா வீட்ல இலை அசையாது. அம்மா பாட்டு டீச்சர் வேலைய விட்டாங்க, சர்ச் கோயர்ல பாடறத விட்டாங்க, எல்லாம் அவர் ஒரு வார்த்தை சொன்னதுல. நான் யாரையும் எதுக்கும் தடுக்கற ஆளா ஆகக் கூடாதுன்னு சின்ன வயசுலயே முடிவு பண்ணிட்டேன். நீ ஷெட்டு போடணும்ன, உன் இஷ்டம்னேன். ராத்திரி பகலா இங்கயே இருந்த, உன் இஷ்டம்னேன். நான் நல்லது பண்றேன்னுதான் நினைச்சேன் மா.

— உங்கப்பா கதவ சாத்தி வெச்சாரு. நீ கதவையே கழட்டி வெச்சிட்ட. எவ வந்தா இன்னா, எவ போனா இன்னான்னு. நான் லேட்டா வந்தா ஏன்டி லேட்டுன்னு கேக்க ஒரு ஆள் வேணாமா? எதிர் வீட்ல புருசனும் பொண்டாட்டியும் சண்டை போட்டுக்குவாங்களே, தட்டு பறக்கும், ஞாபகம் இருக்கா? நான் ஜன்னல்ல நின்னு கேட்டுகினு இருப்பேன். பொறாமையா இருக்கும்.

— தட்டு பறக்கறதுக்கா?

— சண்டைக்கு. என் வேலைக்கு நீ குறுக்க நிக்கணும்னு நான் கேக்கல. என் எதிர்ல நில்லுன்னு கேட்டேன். சரி விடு, கைப்பிடி பாலிஷ் போடணும். அந்தத் துணிய எடு.

— ரெண்டு ஆணி பளபளன்னு இருக்கு, நடுவுல ஒண்ணு மட்டும் ஏன் கறுத்திருக்கு?

— அது பழைய பித்தளை. மரத்துல ஏற்கெனவே இருந்துச்சு. எடுக்க மனசு வரல, அப்படியே விட்டுட்டேன். இந்த மரம் எங்க வாங்கினன்னு சொன்ன?

— சிவாஜிநகர்ல. பழைய மரக்கடை.

— எந்தக் கடை?

— மூலைல ஒரு கடை.

— ம். நல்ல மரம். ரொம்ப நாள் யாரோ தொட்டு தொட்டு பழகின ரோஸ்வுட்டு. தேய்க்கத் தேய்க்க நிறம் வருது பாரு.

— அழகா இருக்கு.

— பரவால்லியா, அழகா இருக்கா?

— அழகா இருக்கு மித்ரா.

— ஏதோ தேறிட்ட. தோ, உறைய பாரு. இடது இடுப்புல மாட்டற மாதிரி தெச்சிருக்கேன். கட்டை விரல் வெக்கற பள்ளமும் இடது கைக்குத்தான்.

— நான் வலது கைனுதானே சொன்னேன்?

— சொன்ன. ஸ்கூல்ல அடிச்சு அடிச்சு மாத்தின கை அது. யாரும் பாக்காதப்ப நீ எந்தக் கையால பழம் நறுக்குவன்னு எனக்குத் தெரியாதா? முதல் வாரம் களிமண்ண குடுத்து அழுத்திப் பிடி, கை அளவு எடுக்கணும்னேனே, நீ பிடிச்ச பிடில தடமே விழல. பூவ பிடிக்கற மாதிரி பிடிச்ச. அதத் தூக்கிப் போட்டுட்டு ஞாபகத்துலதான் செஞ்சேன்.

— ஞாபகத்துலயா?

— சும்மா இரு. வேலை இருக்கு. ஜாய், கடைசியா ஒரு தடவ கேக்கறேன், இதுக்கு மேல கேக்க மாட்டேன். இந்தக் கத்தி முதல்ல எந்த வேலைக்கு?

— ஞாயித்துக்கிழமை இங்க வர்றதுக்கு.

— அப்ப காடு?

— சக்லேஷ்பூர் எல்லாம் இல்ல. டிரேவர் கிரிக்கெட் பாக்கறதோட சரி, எந்தக் காட்டுக்கும் போறதில்ல. கத்தி முடிஞ்சிட்டா வர்றதுக்கு காரணம் இல்லாம போயிடும். அதான் ஒவ்வொரு வாரமும் ஒண்ணு கண்டுபிடிச்சேன். வெண்ணெய் வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு மேல ஒண்ணும் தோணல.

— தெரியும்.

— தெரியுமா?

— மீனையே தொட மாட்ட நீ, மீன் அறுக்கணும்னு வந்து நிக்கற. எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு வாரமும் முடிச்சிட்டு, நீ வர்றதுக்கு முன்னாடி எங்கயாவது கொஞ்சம் கெடுத்து வெப்பேன். சும்மாவா இவ்ளோ நாளாச்சு?

— மித்ரா...

— ஆனா இன்னைக்கு கெடுக்க முடியாது. மிஷின் போவுது. தோ, முடிஞ்சுது. பேப்பர் அறுத்துக் காட்டறேன் பாரு. எப்படிப் போவுது! சரி. மேசை மேல வெக்கறேன், எடுத்துக்கோ.

— வெக்காத.

— இன்னா?

— கீழ வெக்காத. கையில குடு.

— சண்டை வரும்.

— வரட்டும்.

— யோசிச்சு சொல்லு. உங்கம்மா சொன்னது. என்கிட்ட சண்டைன்னா சும்மா இருக்காது, நம்ம ஃபிரேசர் டவுன் தெருவே கேக்கும்.

— கேக்கட்டும். எனக்கு வேணும். உன் இஷ்டம் எனக்குத் தெரியும், நல்ல வேலைன்னும் தெரியும். என் இஷ்டத்த சொல்றேன் கேளு. நீ போகாத. இல்ல, போய்த்தான் ஆகணும்னா என்னையும் கூட்டிட்டுப் போ. ரெண்டுல எதுன்னு உக்காந்து சண்டை போடுவோம். இந்த வருசம் மாதிரி இன்னொரு வருசம் என்னால முடியாது. நீ இல்லாம என்னால முடியல மித்ரா.

— கைய நீட்டு. அந்தக் கை இல்ல. இடது கை.

— நீட்டிட்டேன்.

— பிடி. பூ இல்ல அது. அழுத்திப் பிடி. ம், அப்படி. பிடிச்சிருக்கா?

— பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. நீ ஏன் அழற?

— தூசி. கையில குடுத்தாச்சு இல்ல? சண்டைய ஆரம்பிக்கலாமா?

— ஆரம்பி. புனேவா?

— புனே பெரிய சண்டை, வெச்சு நிதானமா போட்டுக்கலாம். முதல்ல சின்னதுல இருந்து வர்றேன். அந்தக் கறுத்த ஆணி, சேர் முதுகு ஆடுதுன்னு நானே என் கையால அடிச்ச ஆணிடா. மூலைல ஒரு கடையாம், மரக்கடையாம்! அறிவிருக்கா உனுக்கு? என் சேர அறுத்து கைப்பிடி போட எடுத்துகினு வந்துட்டியே, இப்ப நான் வீட்டுக்கு வந்தா எது மேல உக்காருவேன்?